வீட்டுக்கு எத்தனை ஸ்டார்? பில்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் அடுக்குமாடியைக் கட்டி விற்ற பில்டருக்கும், தென்சென்னைப் புறநகரில் இதே மாதிரி கட்டிக்கொண்டிருக்கும் மற்ற பில்டர்களுக்கும்,

போன மாதம் உங்கள் புதிய பிளாக்கின் புரோஷர் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்தது. எட்டாம் பக்கத்தில் ஐந்து பச்சை இலை, அதற்குக் கீழே 'எனர்ஜி எஃபிஷியன்ட் வீடுகள்' என்று கொட்டை எழுத்து. அதே வாரத்தில்தான் மேல்மாடி வீட்டுக்காரர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்கு உங்கள் பதிலும் வந்திருந்தது. கூரை வழியாக வெப்பம் இறங்குவது கட்டுமானக் குறைபாடு ஆகாது, சங்கம் விரும்பினால் சொந்தச் செலவில் மொட்டை மாடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று இரண்டே வரி. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் சேல்ஸ் ஆபீசுக்குப் போய், இந்த ஐந்து இலை யார் கொடுத்தது என்று கேட்டேன். அங்கே இருந்த பையன், "சார், எல்லா பெட்ரூமிலும் ஏசி பாயின்ட் கொடுக்கிறோம், காமன் ஏரியா முழுக்க எல்இடி, ஃபேன் எல்லாம் ஃபைவ் ஸ்டார்" என்றான். அது ஃபேனுடைய ஸ்டார் தம்பி, வீட்டுடைய ஸ்டார் எத்தனை என்றேன். சிரித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, வீட்டுக்கும் ஸ்டார் உண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்களுக்குத் தெரியாது என்றால்தான் நம்ப மாட்டேன்.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று கிரவுண்ட் மனை, கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள ஸ்டில்ட் தளம், அதற்கு மேல் மூன்று மாடி. நாங்கள் மூன்றாம் மாடியில், கார்பெட் ஏரியா 900 சதுர அடி, மாஸ்டர் பெட்ரூம் மேற்கே. 'ஃப்ளோர் ரைஸ்' என்று சதுர அடிக்கு 30 ரூபாய் கூடவே வாங்கினீர்கள், காற்றும் வெளிச்சமும் மேலேதான் அதிகம் என்றீர்கள். வெளிச்சத்தில் குறையே இல்லை. 2022 ஆவணியில் பால் காய்ச்சினோம், அப்புறம் மழை, மார்கழிப் பனி என்று ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பங்குனியில்தான் வாங்கியது என்ன என்று புரிய ஆரம்பித்தது.

ராத்திரி பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. சுவிட்ச் போர்டைத் தொட்டால் சுடுகிறது. கட்டிலின் தலைமாடு மேற்குச் சுவரை ஒட்டியிருந்தது, தலையணைக்குப் பின்னால் யாரோ அடுப்பு மூட்டின மாதிரி இருக்கிறது என்று என் மனைவி அதை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டாள். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, ஏசிக் காற்று ஆகாது, ஃபேனைப் போட்டால் சீலிங் சூட்டை அப்படியே அள்ளிக் கீழே கொட்டுகிறது என்று சாப்பிட்டு முடித்ததும் கீழே இறங்கி, ஸ்டில்ட்டில் வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பத்தரை மணிவரை உட்கார்ந்திருப்பார். பேரன் போய்க் கூப்பிட்டால்தான் மேலே வருவார். எழுபது லட்சம் கொடுத்து வாங்கின வீட்டில் கார் நிறுத்துகிற இடம்தான் அவருக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

முதல் கோடையில் எங்களிடம் இருந்தது மூன்று ஸ்டார் ஏசி. பில்லைப் பார்த்துப் பயந்துபோய், கடைக்காரர் சொன்னபடி மறு வருஷம் இஎம்ஐயில் ஐந்து ஸ்டார் வாங்கினேன். அப்போதுதான் அந்த ஸ்டிக்கரில் எழுதியிருப்பதை ஒழுங்காகப் படித்தேன். ஸ்டாருக்குப் பின்னால் ஐஎஸ்இஇஆர் என்று ஒரு எண் இருக்கிறது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு சீசன் முழுக்க எத்தனை பங்கு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. நான் வாங்கின சமயத்து அட்டவணையில், ஸ்ப்ளிட் ஏசிக்கு மூன்று ஸ்டார் என்றால் 3.8-லிருந்து, ஐந்து ஸ்டார் என்றால் 5-லிருந்து. அதாவது ஒரே வேலைக்குக் கால் பங்கு மின்சாரம் மிச்சம். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வருடாந்திர யூனிட், ஏசி வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு, தினம் எட்டு மணி நேரம் என்றால் 200 நாள். எங்கள் வீட்டில் பங்குனியில் போட்டால் ஐப்பசி வரை அணைக்க முடிவதில்லை. அந்த ஸ்டிக்கர் செல்லும் காலமும் அதிலேயே அச்சடித்திருக்கும். 2018-ல் 4.5 எடுத்து ஐந்து ஸ்டார் வாங்கின மாடல், 2022 ஜூலையில் அட்டவணை மாறினதும் நாலு ஸ்டாராக இறங்கியது. ஸ்டாருக்கு வருஷம் உண்டு, எண் உண்டு, அதைக் கொடுத்த அமைப்பு உண்டு. உங்கள் இலைகளில் இந்த மூன்றையும் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

சரி, ஐந்து ஸ்டார் ஏசி வந்த பிறகு என்ன ஆனது? சித்திரை, வைகாசிக்கான இரண்டு மாத ரீடிங் 780 யூனிட். எங்களுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் இருப்பவர்கள் வீடும் அச்சுஅசல் எங்கள் வீடுதான், அதே அளவு, அதே மேற்கு பெட்ரூம், அங்கேயும் நாலு பேர், ஒரு ஏசி, அதுவும் பழைய மூன்று ஸ்டார். அவர்கள் ரீடிங் 410.

இபி கணக்கு தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன என்று தெரியும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மேலே போகிற யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுவதில்லை, கீழே 101-லிருந்து 200 வரைக்கும் கிடைத்துக்கொண்டிருந்த பாதி விலையும் போய்விடும். அவர்களுக்கு ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம், எங்களுக்கு நாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். யூனிட் இரண்டு மடங்குகூட இல்லை, ரூபாய் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

இதை உங்கள் இன்ஜினியரிடம் சொன்னபோது, "நீங்க ஏசியை அதிகமா யூஸ் பண்றீங்க சார்" என்றார். நியாயமான சந்தேகம்தான். பில்லைப் பார்த்து வீட்டை எடைபோட முடியாது, அதில் வீட்டின் குணமும் ஆட்களின் பழக்கமும் கலந்திருக்கும். அதனால் கத்திரி வெயிலில் ஒரு சனி, ஞாயிறு கீழ் வீட்டுக்காரரிடம் பேசிவைத்து, இரண்டு வீட்டு மாஸ்டர் பெட்ரூமையும் காலையிலிருந்து பூட்டினோம். ஏசி இல்லை, ஃபேன் இல்லை, ஜன்னல் மூடி, ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் தரையிலிருந்து ஒரே உயரத்தில். தெர்மாமீட்டரில் கோளாறு இருக்குமோ என்று மறுநாள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தோம். இரண்டு நாளும் ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கள் அறையில் முப்பத்திரண்டரையை ஒட்டி, எங்கள் அறையில் 36. ஏசி மெக்கானிக்கிடம் இரவல் வாங்கின வெப்பமானித் துப்பாக்கியை சீலிங்குக்குக் காட்டினேன், 40 காட்டியது. அன்று மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடித் தரை 58. பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் பல மணி நேரம் வைத்திருந்து, நாம் பாய் விரிக்கிற நேரத்தில் கக்குகிறது. இதற்கும் எங்கள் பழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

கூரையில் என்ன இருக்கிறது என்பதும் தற்செயலாகத் தெரிந்தது. சோலார் ஹீட்டர் பைப்புக்காக எதிர் வீட்டுக்காரர் ஆளை வைத்துத் துளை போட்டார், உருளையாக வெளியே வந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடியில் ஐந்து அங்குலம் கான்கிரீட், அதன்மேல் இரண்டு அங்குலம் சிமென்ட் பூச்சு, மேலே கூலிங் டைல்ஸ். அவ்வளவுதான். துளை போட வந்த மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும், அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செங்கல் ஜல்லியே போடலியா" என்றார். அவர் காலத்தில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் விட்டு நாள்கணக்கில் பலகையால் தட்டி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்களாம். அதற்கு ஆளும் நேரமும் இல்லை என்கிறீர்களா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை எடுத்த இடத்தில் வேறு எதுவும் வைக்கவில்லையே? கூலிங் டைல்ஸ் புதுசில் வெள்ளையாக இருந்தபோது கொஞ்சம் உதவியிருக்கும், ஒரு மழைக்காலத்தில் பாசி பிடித்து இப்போது எருமைத் தோல் நிறத்தில் இருக்கிறது. வெள்ளை பெயின்ட் அடித்தால் பலன் உண்டு, அதையும் நான் மறுக்கவில்லை, அழுக்கு சேரச் சேர அதன் பலனும் குறையும், வருஷா வருஷம் கழுவ வேண்டும், கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிற குடியிருப்பில் மாடியைக் கழுவுவது யார்?

இதை அளக்க ஒரு எண் இருக்கிறது, உங்கள் ஆர்க்கிடெக்டுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். யு-வேல்யூ என்பார்கள். வெளியிலும் உள்ளேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் நுழைகிறது என்பதுதான் அது, குறைந்தால் நல்லது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ, வீடுகளுக்கென்றே 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று ஒரு விதிநூல் வெளியிட்டது. அதில் கூரைக்கு உச்ச வரம்பு 1.2. எங்கள் கூரையின் அடுக்குகளைச் சொல்லி ஒரு ஆர்க்கிடெக்ட் நண்பரிடம் கணக்குப் போடச் சொன்னேன், மூன்றை ஒட்டி வருகிறது என்றார்.

எண்ணாகச் சொன்னால் புரியாது, இப்படிப் பாருங்கள். எங்கள் பெட்ரூம் 12 சதுர மீட்டர். மேலே 58 டிகிரி, உள்ளே ஏசி போட்டு 26. யு மூன்று என்றால் மதியத்தில் சீலிங் வழியாக மட்டும் ஆயிரத்துச் சொச்சம் வாட் இறங்கிக்கொண்டே இருக்கும். தலைக்கு மேல் ஒரு இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து தொங்கவிட்டு, கீழே ஏசி போட்டுக்கொள்கிற மாதிரி. அதே கூரை 1.2 ஆக இருந்தால் அது 500 வாட்டுக்குள் அடங்கிவிடும். டைல்ஸுக்கு அடியில் ஒன்றரை அங்குலத்துக்கு எக்ஸ்பிஎஸ் என்கிற காப்புப் பலகை போட்டாலே அதற்குத் தாராளம். கட்டும்போதே போட்டிருந்தால் ஒரு நாலைந்து நாள் வேலை, இப்போது என்றால் பதித்த டைல்ஸை முழுக்க உடைக்க வேண்டும். சுவருக்கும் அந்த நூலில் ஒரு வரம்பு உண்டு, ஆர்இடிவி என்று பெயர், கூரை நீங்கலாக வெளிப்புறச் சுவர்கள், ஜன்னல்கள் வழியாக உள்ளே நுழைகிற வெப்பத்தின் அளவு அது, சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. சுவர், ஜன்னல் கண்ணாடி, வெயில் மறைக்கிற சன்ஷேட், எந்தத் திசை எல்லாம் சேர்ந்தது அந்தக் கணக்கு. நீங்கள் எங்கள் மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வைக்கவில்லை, எலிவேஷன், அதாவது கட்டடத்தின் வெளித்தோற்றம், கெட்டுவிடுமாம்.

அந்த விதிநூல் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளில் கட்டும் குடியிருப்புகளுக்கு எழுதப்பட்டது, எங்கள் மனை 660-க்கு மேல். ஆனால் மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளில் ஏற்றுக்கொண்டால்தான் அது கட்டாயம் ஆகும், நீங்கள் நழுவுகிற சந்து அதுதான் என்று தெரியும். கட்டாயமில்லை என்றால் செய்யக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? அப்புறம் 2019-லேயே வீட்டுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து ஸ்டார் வரை கொடுக்கும் திட்டத்தையும் பிஇஇ கொண்டுவந்தது, விருப்பமுள்ள பில்டர் விண்ணப்பிக்கலாம். அதில் ஆட்கள் எப்படிப் புழங்குவார்கள் என்பதை எல்லா வீட்டுக்கும் ஒன்றாக வைத்துக்கொண்டு, கூரை, சுவர், கண்ணாடி, பொருத்தியிருக்கும் சாதனங்கள் இவற்றை வைத்து ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்தில் எத்தனை யூனிட் என்று கணக்கிடுகிறார்கள். ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப அட்டவணை மாறும், சென்னையின் புழுக்கமும் ஜெய்ப்பூரின் வறட்சியும் ஒரே அளவுகோலில் வராது. இந்த ஸ்டார் ஒன்று எங்கள் வீட்டுக்கு இருந்திருந்தால், உங்கள் இன்ஜினியரும் நானும் யார் அதிகம் ஏசி போடுகிறார்கள் என்று வாதாடியே இருக்க வேண்டாம்.

பில்லை வைத்து நானே போட்ட சில்லறைக் கணக்கும் இருக்கிறது, படிக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஒரு வருஷத்து ஆறு பில்லின் யூனிட்டைக் கூட்டி, கார்பெட் ஏரியாவைச் சதுர மீட்டராக்கி வகுத்துவிட்டால் போதும், சதுர அடியை 10.76-ஆல் வகுத்தால் சதுர மீட்டர். எங்களுடையது 3220 யூனிட், 84 சதுர மீட்டர், ஆக 38. கீழ் வீட்டில் 1980 யூனிட், அதாவது 24-க்குச் சற்றுக் குறைவு. இது அதிகாரபூர்வ ஸ்டார் ஆகாது, மேலே சொன்ன அதே பழக்கப் பிரச்சினை இதிலும் உண்டு, ஆனால் ஒரே மாதிரி இரண்டு வீட்டுக்கு நடுவே இத்தனை இடைவெளி என்றால் அண்ணாந்து கூரையைப் பார்க்கத்தான் வேண்டும்.

என் தங்கை மகள் லண்டனில் வாடகை வீடு தேடியபோது எனக்கு அனுப்பின விளம்பரங்கள் ஒவ்வொன்றிலும் ஏ-யிலிருந்து ஜி வரை ஒரு எழுத்து போட்டிருந்தது. அங்கே வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ அந்தச் சான்றிதழ் வேண்டும், பத்து வருஷம் செல்லும், இங்கிலாந்தில் 2020-லிருந்து சில விலக்குகள் தவிர 'இ'க்குக் கீழே இருக்கும் வீட்டை வாடகைக்கு விட முடியாது. அந்த எழுத்தை அப்படியே நம்பாதே என்று அங்கேயும் சொல்கிறார்கள், ஆய்வாளர் சுவரைப் பிரித்துப் பார்ப்பதில்லை, பல இடங்களில் கட்டின வருஷத்தை வைத்து ஊகிக்கிறார். அவர்கள் கவலை குளிர், நம் கவலை வெயில். ஆனாலும் முன்பணம் கொடுக்கும் முன்னால் கேள்வி கேட்க அவளிடம் ஒரு எழுத்து இருந்தது. ஏன், அவ்வளவு தூரம் எதற்கு, தெலங்கானா 2023-ல் வெயிலைத் திருப்பியனுப்பிச் சூடேறாமல் இருக்கும் கூரைக்கென்றே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்து, 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டும் வீடுகளுக்கு அதைக் கட்டாயம் ஆக்கியது. ஹைதராபாத் வெயிலுக்கு ஆகிறது நம் வெயிலுக்கு ஆகாதா?

வாங்குகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை என்பீர்கள். வாஸ்து கேட்கிறார்கள், லிஃப்ட் என்ன பிராண்ட் என்று கேட்கிறார்கள், கூரையின் யு என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை, வாஸ்தவம். நானும் கேட்கவில்லை. மாடல் ஃப்ளாட்டை நீங்கள் எனக்குக் காட்டியது முதல் மாடியில், காலை பத்து மணிக்கு, ஏசி ஓடிக்கொண்டிருந்தபோது.

இப்போது கேட்கிறேன். எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தின் கூரை அடுக்கு வரைபடம், சுவர் எதனால் கட்டியது, ஜன்னல் கண்ணாடி என்ன ரகம், கூரையின் யு-வேல்யூ, சுவர்களின் ஆர்இடிவி, இவற்றை லெட்டர்ஹெட்டில் கையெழுத்துடன் சங்கத்துக்குத் தாருங்கள். கணக்குப் போட்டதே இல்லை என்றால் போடவில்லை என்று எழுதுங்கள், அதுவும் எங்களுக்குத் தேவையான தகவல்தான்.

புரோஷரிலிருந்து அந்த ஐந்து இலையை எடுங்கள். ஃபேனுக்கும் பல்புக்கும் கிடைத்த ஸ்டார் என்றால் அப்படியே போடுங்கள், வீட்டுக்குத்தான் என்றால் எந்த வருஷத்துச் சான்று, யார் கொடுத்தது, எத்தனை யூனிட் என்பது பக்கத்திலேயே இருக்கட்டும். வீடு வாங்குகிறவர்களைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 12-ஆம் பிரிவு விளம்பரத்தில் சொல்லும் பொய்க்கு இழப்பீடு கேட்க வழி செய்திருக்கிறது, புது பிளாக்கில் முன்பதிவு செய்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்லத்தான் போகிறேன்.

புது பிளாக்கில் இன்னும் மேல்தளம் போடவில்லை, நேற்றுகூடப் பார்த்தேன், இரண்டாம் மாடிக்குத்தான் சென்டரிங் அடிக்கிறார்கள். அந்தக் கூரைக்குக் காப்புப் பலகை போடுங்கள், மேற்கு ஜன்னல்களுக்கு சன்ஷேட் வையுங்கள், வீட்டு ஸ்டாருக்கு விண்ணப்பியுங்கள், என்ன ஸ்டார் வந்தாலும் விலைப்பட்டியலில் போடுங்கள். இரண்டு ஸ்டார் என்று போட்டாலும் தெரிந்து வாங்குகிறவர் வாங்குவார். காப்பு இல்லாத மேல்மாடிக்கு ஃப்ளோர் ரைஸ் வாங்காதீர்கள்.

எங்கள் கூரைக்கு மேல் காப்பும் புதுத் தளமும் போடும் செலவை நீங்கள் ஏற்க வேண்டும் என்பது நாலு வீட்டுக்காரர்களின் கோரிக்கை. சாவி கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் தெரியவரும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று அதே சட்டத்தின் 14(3) பிரிவு சொல்கிறது. இது அதில் வராது என்பது உங்கள் வாதம் என்றால், ஏன் வராது என்று காரணத்தோடு எழுதுங்கள், இரண்டு வரி போதாது. பதில் எழுதும் முன்னால் உங்கள் இன்ஜினியரைச் சித்திரையில் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், தெர்மாமீட்டர் என்னிடம் இருக்கிறது, அவருடையதையும் கொண்டுவரட்டும்.

முப்பது நாளில் பதில் வேண்டும், காகிதத்தில். குழுவில் கட்டைவிரல் போடுவதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, மேற்குப் பக்கத்து வீட்டுக்காரன்